கண்ணாடிப் பெட்டிக்கு இப்பால்

பிள்ளை பிறந்துவிட்டது, வீட்டுக்கு மட்டும் வரவில்லை! தூளி கட்டத் துவைத்து வைத்த பழஞ்சேலை மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. பிள்ளை கண்ணாடிப் பெட்டியில், பெற்றவள் வார்டில், தகப்பன் தாழ்வாரத்தில்! பெரம்பலூரிலும் அரியலூரிலும் குறைமாதப் பிள்ளையோடு முப்பது நாள், ஐம்பது நாள் என்று மருத்துவமனையில் கிடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நோயைவிட நெடியது காத்திருப்பு என்பார்கள்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதம். 32 வாரத்துக்கும் முன்பே வந்துவிட்டால் நுரையீரல் முதிர்ந்திராது, உறிஞ்சி விழுங்கத் தெரியாது, உடற்சூட்டைக் காக்கத் தோலடியில் கொழுப்பும் இராது. ஆகவே பெட்டியில் வைக்கத்தான் வேண்டும், அதை மறுப்பாரில்லை. எடை இருபது கிராம் ஏறினால் அன்று பொங்கல். பத்து கிராம் இறங்கினால் அந்தக் குடும்பமே இழவு வீடு! இந்த வேளையில் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், “ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது” என்று திருவாய் மலர்ந்துவிட்டுப் போவார். எவன் கட்டிவிட்ட கதையோ! கருப்பையில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலமே. ஏழைவிட எட்டு பெரிதென்பது வாய்ப்பாடு படிக்கும் சிறுவனுக்கும் தெரியுமே!

மருத்துவர்மீதோ செவிலியர்மீதோ குறைகூற நாம் வரவில்லை. இரவு பகலாய் உழைக்கிறார்கள். 2007இல் தனி மாவட்டமான அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. அவ்வாண்டு திறந்த பதினொன்றில் பெரம்பலூருக்கு இடமில்லை. நிலைமை முற்றினால் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது திருச்சி. கட்டடம் வந்தது, கருவி வந்தது; சரி. பெற்றவர்களைப் பற்றி எவர் எண்ணினார்?

சான்று ஒன்று தருகிறோம். 2011இல் மத்திய அரசு தாய்சேய் காப்புத் திட்டம் ஒன்றை வகுத்தது. நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு முப்பது நாள் வரை இலவச சிகிச்சை என்றது. பாராட்டுவோம். தாய்க்கு இலவச உணவு எத்தனை நாள் என்று எழுதினார்கள் தெரியுமா? சுகப்பிரசவமானால் 3 நாள். அறுவையானால் 7 நாள்! பிள்ளையோ நாற்பது நாள் உள்ளே. இரண்டு மூன்று மணிக்கொருமுறை கதவு திறந்து, “பால் எடுத்துக் கொடும்மா” என்கிறார்கள். எட்டாம் நாள் முதல் அவள் எதைத் தின்று பால் பீய்ச்சுவாள்?

அடுத்தது கூலி. அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக மூட்டை தூக்குபவன் ஒருநாள் வராவிட்டால் ஒருநாள் கூலி போயிற்று. பெரம்பலூர்க் காட்டில் சின்ன வெங்காயம் அறுப்பவளுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. மகப்பேறு விடுப்பை 2017இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்களே, அது பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. அந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாம் பிரிவில் ‘குறைப் பிரசவம்’ என்ற சொல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதனால் தாய் நோயுற்றால்தான் கூடுதலாக ஒரு மாதம்! பிள்ளை பெட்டியில் கிடப்பது கணக்கில் இல்லை. தனியார் துறையில் தகப்பனுக்கோ விடுப்புச் சட்டமே இல்லை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்த 28 நாளுக்குள் மருத்துவமனையில் சேர்ந்து ஏழு நாளுக்கு மேல் கிடக்கும் குழந்தையின் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரம் வரை தனி விடுப்பு. அதுவும் மற்ற விடுப்போடு சேர்த்து! வெள்ளைக்காரன் வீட்டுப் பிள்ளைதான் பிள்ளையா?

இனி, மூடிய கதவு. தொற்று வந்துவிடும் என்கிறார்கள், அச்சம் நியாயம்தான். ஆனால் பெற்றவள் மார்பே மருந்து என்று 1978இலேயே கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிவிட்டார்கள். அங்கே பெட்டிகள் போதவில்லை, தாயின் நெஞ்சில் கட்டினார்கள்! உலக சுகாதார நிறுவனம் டில்லி உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பிறந்தவுடனே தாயோடு சேர்த்தபோது, நூற்றுக்கு 15.7 ஆக இருக்கும் சாவு 12 ஆகக் குறைந்தது. கைகழுவி, அங்கி அணிந்து பெற்றோர் உள்ளே வந்து பராமரிப்பில் பங்கேற்கலாம் என்று 2017இல் மத்திய அரசே நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. காகிதத்தில் திறந்த கதவு, கட்டடத்தில் ஏன் திறக்கவில்லை?

நாம் கேட்பது அதிகமல்ல. பிள்ளை வீடு திரும்பும் நாள்வரை தாய்க்கு மூன்று வேளைச் சோறும், பிள்ளையருகே ஒரு கட்டிலும் வேண்டும். உடனிருக்கும் பெற்றோரில் ஒருவருக்கு, போன கூலிக்கு ஈடு வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியை 2018இல் 18,000 ரூபாயாக்கிய அரசுக்கு, குறைமாதத் தாய்க்கென அதில் ஒரு வரி சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலையல்ல. பிறகு, மாலையில் ஒரு மணி குறித்து மருத்துவர் வெளியே வரட்டும். எடை என்ன, மூச்சு எப்படி, இன்னும் எத்தனை நாள் என்று தாழ்வாரத்தில் நிற்பவனிடம் அவனுக்குப் புரியும் தமிழில் சொல்லட்டும். இதற்குச் சட்டமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். நாளை மாலையே தொடங்கலாம்.