நல்ல நாளுக்கென்று வைத்தது

மதுவின் கேட்டைப் பற்றி இப்பக்கத்தில் பலமுறை எழுதிய நாம், நண்பர்களோடு அமர்ந்து பழைய திராட்சை இரசம் சுவைத்த ஒரு மாலையைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். குடியினால் நிலமும் நகையும் போய், பிள்ளைகளின் படிப்பும் நின்றுபோன வீடுகள் நம் பங்குகளில் எத்தனை என்பதை நாம் அறியாதவரல்லர். ஆயினும் அம்மாலையில் குடித்தது கொஞ்சம், பேசியது அதிகம். அதன்பின் அந்நண்பரிடமிருந்து வந்த கடிதம் ஒன்றும் நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆகையால் எழுதிவிடத் துணிந்தோம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் போன் என்றொரு சிறு நகர் உண்டு. (பெயரைக் கேட்டதும் தொலைபேசி நினைவுக்கு வந்தால் வாசகர் பொறுத்தருள்க, அவர்கள் உச்சரிப்பது அப்படித்தான்.) முப்பது ஆண்டுகளாக நமக்குக் கடிதம் எழுதிவரும் நண்பர் ஒருவர் அங்கே வசிக்கிறார். ஓக் மரப் பலகைகளைத் தீயில் வாட்டி வளைத்து, 228 லிட்டர் கொள்ளும் பீப்பாய்களாகக் கட்டுவது அவர் செய்து வந்த தொழில். அவ்வாண்டு தவக்காலத்தில் அவருடைய துணைவியார் இறந்துபோனார். வேறொரு காரியமாக ஐரோப்பாவுக்குப் போயிருந்த நாம், துக்கம் விசாரிக்காமல் திரும்புவது முறையாகாது என்று இரயிலேறிப் போய்ச் சேர்ந்தோம்.

உத்தரிக்கிற ஆன்மாக்களின் மாதம் அது. மறுநாள் காலை கல்லறைக்குப் போகலாம் என்றார் நண்பர். அன்று மாலை சிலரை வீட்டுக்கு அழைத்திருந்தார். “நாங்கள் இருவரும் சேர்த்து வைத்ததில் ஒரு புட்டி மிச்சமிருக்கிறது. அதைத் திறந்துவிட வேண்டும்” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே தோட்டங்களைக் காட்ட அழைத்துப் போனார். திஜோன் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்கு முகமாய் இறங்கும் சுண்ணாம்புக்கல் சரிவு அது. சிவப்பு இரசத்துக்குப் பினோ நுவார் என்னும் கொடி. வெள்ளை இரசத்துக்குப் பெரும்பாலும் ஷார்தொனே என்னும் கொடி. கொடி ஒன்றே ஆனாலும், சரிவில் சில அடி மேலே போனால் ஒரு சுவை, கீழே வந்தால் வேறு சுவை. நம் தஞ்சை வயல்களில் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பெயர் இருப்பது போல, அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயரும் ஒரு வரலாறும் உண்டு. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

அந்நிலத்தை அப்படிப் பகுத்தறிந்தவர்களில் முதன்மையானோர் துறவியர். 1098ஆம் ஆண்டு அப்பகுதியில் சீத்தோ என்னுமிடத்தில் ஒரு மடம் எழுந்தது. சிஸ்டர்சியன் சபை பிறந்தது அங்கேதான். அம்மடத்தார் வூழோ கிராமத்தில் சிறுகச் சிறுக நிலம் சேர்த்து, கொடி நட்டு, சுற்றிலும் மதிலெழுப்பினர். பதினான்காம் நூற்றாண்டில் முடிந்த அம்மதில் இன்றும் நிற்கிறது. துறவியர் மண்ணை நாவில் வைத்துச் சுவைத்துத் தரம் பிரித்தார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். நாம் அதை நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே சரிவில் குனிந்து நின்று வேலை செய்தவர்களுக்கு மண்ணைத் தின்னவேண்டிய தேவை என்ன? 1789ஆம் ஆண்டுப் புரட்சியின்போது திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாகிப் பின் ஏலத்துக்கு வந்தன. ஏறக்குறைய ஐம்பது எக்டேர் பரப்புள்ள அந்த ஒரே மதிலுக்குள் இன்று எண்பது உரிமையாளர் வரை இருக்கின்றனர்.

போன் நகரின் நடுவே, பலநிற ஓடுகளால் கோலமிட்டாற்போன்ற கூரையுடன் ஒரு பழைய மருத்துவமனை இருக்கிறது. பர்கண்டிக் கோமகனின் அமைச்சரான நிக்கொலா ரொலேன் என்பாரும் அவர் மனைவி கிகோன் அம்மையாரும் 1443ஆம் ஆண்டு ஏழை நோயாளிகளுக்காக நிறுவியது. நூறாண்டுப் போரினால் நாடு நைந்து, பசியும் கொள்ளையும் மலிந்திருந்த காலம். அதன்பின் பலர் தம் திராட்சைத் தோட்டங்களை அம்மனைக்கு எழுதி வைத்தனர். அத்தோட்டங்களின் இரசத்தை 1859ஆம் ஆண்டு முதல் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று ஏலம் விட்டு, வரும் பணத்தை மருத்துவப் பணிக்குச் செலவிடுகின்றனர். 1971 வரை அப்பழைய கட்டிடத்திலேயே நோயாளிகளைப் பேணினர். பிறகு புதிய கட்டிடம் வந்தது. நண்பரின் துணைவியார் அப்புதிய கட்டிடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக இருந்தவர். நாம் சென்றபோது தெருவெங்கும் அவ்வாண்டு ஏலத்துக்கான கூட்டம். “அவள் இருந்தால் இந்த வாரம் முழுவதும் வீட்டுக்கதவைத் திறக்கவே மாட்டாள், இந்த இரைச்சல் அவளுக்குப் பிடிக்காது” என்று சிரித்தார்.

மாலையில் நம்மோடு ஆறு பேர் அமர்ந்தோம். அடுத்த வீட்டுத் தோட்டக்காரரும் அவர் மனைவியும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். நண்பரோடு பீப்பாய்த் தொழிலில் இருந்த மற்றொருவர். இவர் ஒரு காலத்தில் குடியில் மூழ்கிக் கிடந்து, அதை விட்டுப் பதினோராண்டு ஆனவர் என்று நண்பர் முன்னரே நம் காதில் சொல்லியிருந்தார். அவர் முன்னால், மற்றவர்களுக்கு வைத்ததைப் போன்ற அதே கிண்ணத்தில், புளிக்காத திராட்சைச் சாறு ஊற்றியிருந்தது. ‘ஒரு சொட்டு மட்டும்’ என்று யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவரைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. நம் ஊர்த் திருமண வீடுகளில், குடியை விட்டவனைத் தேடிப்பிடித்து ஊற்றிக் கொடுத்து மகிழ்கிற உறவினரை நாம் எண்ணிக்கொண்டோம்.

முதலில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட, பணியாரம் போன்ற ஒரு பண்டம் வந்தது. தோட்டக்காரர் தம் நிலவறையிலிருந்து 1985ஆம் ஆண்டுப் புட்டி ஒன்று கொணர்ந்திருந்தார். திறந்ததும் அவர் முகம் வாடிற்று. நனைந்த அட்டைப் பெட்டியின் நாற்றம். தக்கையில் பூஞ்சை பற்றினால் உண்டாகும் ஒரு பொருள், எள்ளளவும் வேண்டாம், அதிலும் மிக மிகச் சிறிது சேர்ந்தாலே போதும்; புட்டி முழுதும் பாழ். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முப்பத்துமூன்று ஆண்டு காத்த பொருளை அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் தொட்டியில் கொட்டினார். அவர் மனைவிதான் இரண்டு சொல் சொன்னார். அவை அச்சுக்கு ஏற்றவையல்ல.

அடுத்து நண்பர் தம் புட்டியைக் கொணர்ந்தார். வோல்னே கிராமத்து இரசம். 1978ஆம் ஆண்டு அறுவடை. அவ்வாண்டுக் கோடை குளிர்ந்து கெட்டிருந்ததாம். பழம் தேறாது என்று எல்லாரும் கைவிட்டபின், ஆகஸ்டுக் கடைசியில் வெயில் வந்து காப்பாற்றிற்று. அறுவடை அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. அந்த அக்டோபரில்தான் அவர்களுக்குத் திருமணம். ஈராண்டு கழித்து அவ்வறுவடையின் இரசம் புட்டிக்கு வந்தபோது, கையிலிருந்த பணத்துக்குப் பன்னிரண்டு புட்டி வாங்கி நிலவறையில் படுக்கவைத்தார்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானம், புதுநன்மை, மகளின் திருமணம் என்று ஒவ்வொன்றாய்த் திறந்தார்கள். கடைசி ஒன்றை நாற்பதாம் திருமண நாளுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.

வண்டல் அடியில் தங்குவதற்காக அதை இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வைத்திருந்தார். தக்கை பாதியில் முறிந்தது. புட்டியின் கழுத்துக்குக் கீழே மெழுகுதிரி ஏற்றி, வண்டல் வாய்வரை வருகிறதா என்று பார்த்தபடி, கை நடுங்காமல் ஐந்து கிண்ணங்களில் ஊற்றினார். நிறம் சுட்ட செங்கல். இளமையில் கருஞ்சிவப்பாயிருக்கும் சாயப்பொருளும் துவர்ப்பும் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒன்றோடொன்று கூடிக் கனத்து வண்டலாய்ப் படிகின்றன. அதனால் நிறம் வெளிறுகிறது, நாவைப் பிடிக்கும் துவர்ப்பு அடங்குகிறது. பழ வாசனை போய் வேறு வாசனைகள் வருகின்றன. எந்த இரசமும் இப்படி என்றென்றும் வளர்ந்துகொண்டே போவதில்லை. ஓர் உச்சத்தை எட்டி, பின் இறங்குகிறது. உச்சம் எந்த ஆண்டில் என்பதைத் திறந்து பார்த்தவன்தான் அறிவான். திறந்தால் புட்டி போயிற்று.

முதலில் ஒரு மணமும் எழவில்லை. சற்றுப் பொறுத்து ஏதோ வந்தது. நமக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. குடியை விட்ட அந்த மனிதர் நண்பரின் கிண்ணத்தை வாங்கி, முகர்ந்து, “காய்ந்த ரோஜா. மழைக்குப் பின் காட்டில் கிடக்கும் இலை. கொஞ்சம் காளான்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தோட்டக்காரர் தலையசைத்தார். அவர் சொன்னபின் நமக்கும் அதுவே தெரிந்தது. மெல்லிய, இனிய பொருள். விழுங்கிய பின்னும் வாயில் நின்றது. ஆனால் அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கிண்ணத்தில் மிஞ்சியதில் மணம் போய் வெறும் புளிப்பு நின்றது. எல்லாரும் அதைக் கண்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நண்பரே சொன்னார். “ஐந்தாண்டுக்கு முன் அவளுக்கு முதல் அறுவைச் சிகிச்சை. பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று, அந்தப் புட்டியை எடுத்துவா என்றாள். நான்தான், நாற்பதாம் ஆண்டுக்கென்று வைத்ததை இன்றைக்குத் திறப்பதா என்று மறுத்தேன். அவள் வற்புறுத்தவில்லை. சூப்புக் குடித்துவிட்டுத் தூங்கப் போனோம்.” பிறகு, “இரசமும் அன்றைக்கு இதைவிட நன்றாயிருந்திருக்கும்” என்றார். அவர் தோளில் ஆசிரியை கைவைத்தார். நாம் சொல்லத் தேடிய ஆறுதலுக்கு நம்முடைய அரைகுறைப் பிரெஞ்சில் சொல் அகப்படவில்லை, தமிழிலும் அகப்பட்டிராது.

அந்த மௌனத்தைக் கலைத்தவர் ஆசிரியைதான். தம் பையிலிருந்து மதேரா புட்டி ஒன்றை எடுத்து வைத்தார். இது பிராந்தி சேர்த்து வலுவேற்றிய இரசம். போர்த்துகல் நாட்டின் தோரு ஆற்றங்கரையில் செய்யும் போர்ட்டும் இவ்வினத்ததே: சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தை ஊற்றினால் புளிப்பு நின்றுவிடும், பழத்தின் இனிப்பு உள்ளேயே தங்கும். வலுவேற்றிய இரசம் எளிதில் கெடாது. இலேசான இரசம் வழியில் கெட்டுப்போகாதிருக்கும்பொருட்டு, பூசை இரசத்தில்கூடத் திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சில கட்டுப்பாடுகளோடு சிறிது சேர்க்கலாம் என்று உரோமை 1896ஆம் ஆண்டில் இசைவு தந்ததை வாசகர் அறிந்திருக்கமாட்டார்கள்.

மதேராவின் கதை வேறு. அத்தீவிலிருந்து கப்பலேறிய பீப்பாய்கள் வெப்ப மண்டலக் கடலில் மாதக்கணக்கில் வெந்தும் குலுங்கியும் போயின. பாழாயிருக்கவேண்டிய இரசம் முன்னிலும் நன்றாயிருக்கக் கண்டு வியந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் அத்தீவில் நின்று ஏற்றிக்கொண்ட பீப்பாய்கள் நம் சென்னைக் கோட்டைக்கும் வந்ததுண்டு. பின்னாளில் கப்பலை விட்டு, வெயில் காயும் மாடியறைகளிலும் சூடேற்றிய தொட்டிகளிலும் வைத்து அதே வெப்பத்தைக் கொடுக்கலாயினர். வெப்பமும் காற்றும் செய்யக்கூடிய கேடெல்லாம் அதற்கு முன்பே நேர்ந்துவிட்டதால், திறந்த புட்டியும் பல மாதம் கெடாது நிற்கும். அதன் மணம் வறுத்த முந்திரியும் பாகும் ஆரஞ்சுத் தோலும் கலந்தாற்போலிருந்தது. ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் போதுமாயிற்று, வலு அதிகம்.

தோட்டக்காரர் மனைவி, இறந்துபோன அம்மையாரைப் பற்றி அப்போதுதான் கதை சொல்லத் தொடங்கினார். இரவுப் பணியில் தூங்காத கிழவர்களுக்கு அவர் சீட்டாட்டம் கற்றுக்கொடுத்து ஏமாற்றி வெல்வாராம். நண்பர் கண்ணீர் வரச் சிரித்தார். பதினோரு மணிக்குக் கலைந்தோம். பாதி மதேரா மிஞ்சியிருந்தது. ஆசிரியை அதை அவரிடமே விட்டுப்போனார். மறுநாள் காலை கல்லறைக்குப் போய் மன்றாடிவிட்டு நாம் விடைபெற்றோம்.

அடுத்த ஆண்டு உயிர்ப்புத் திருநாளுக்குப்பின் கடிதம் வந்தது. பேரப்பிள்ளைகளின் நலம், மூட்டுவலி, மழை என்று எழுதிவிட்டு ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தார்: மதேரா இன்னும் கெடாமல் இருந்ததாம்; தோட்டக்காரரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு முந்தின வாரம் முடித்துவிட்டாராம். என்ன விசேஷம் என்று அவர்கள் கேட்டார்களாம். ‘செவ்வாய்க்கிழமை’ என்று சொன்னாராம்.