பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

வீட்டில் இணையம் நின்றுபோனால் முதல் அடி விழுவது மடிக்கணினியின் மேல்தான். "இந்தச் சனியன் பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும்" என்பார் அப்பா. "நேற்று நீ ஏதோ ஒரு பட்டனை அமுக்கினாயே, அதனால்தான்" என்று தங்கை மேல் பாய்வான் அண்ணன். கடைசியில் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார்கள். அங்கே, ரிப்பேர்க் கடைக்காரரின் வைஃபையில், அது சமர்த்தாக வேலை செய்யும்! கடைக்காரர் நல்லவராயிருந்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். எல்லாக் கடைக்காரர்களும் நல்லவர்களாயிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

இதை வேடிக்கையாகப் பேசிவிட்டுப் போன காலம் மலையேறிவிட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே நடக்கிறது. விரும்பும் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க மாணவர்களுக்குக் கிடைப்பவை சில நாட்களே. அவற்றில் கடைசி நாளன்று மாலை வீட்டு இணையம் படுத்துக்கொண்டால் ஒரு பெண்ணின் நான்கு வருஷப் படிப்பு எங்கே என்பதே மாறிவிடக்கூடும். பக்கத்து வீட்டுக்குப் போகலாம் என்று சமாதானம் சொல்வது சுலபம். அப்படிப்பட்ட பக்கத்து வீடு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

குழப்பத்துக்கெல்லாம் மூலம், வைஃபையும் இணையமும் ஒன்றே என்ற எண்ணந்தான். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய்க்குத் தண்ணீர் வருவது ஒரு வழி. தெருக் குழாயிலிருந்து தொட்டிக்கு ஏறுவது வேறு வழி. மடிக்கணினிக்கும் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் இடையே உள்ளதுதான் வைஃபை. பெட்டிக்கு வெளியே கம்பெனி வரை செல்லும் கண்ணாடி இழையில் வருவது இணையம். தொட்டி வறண்டு கிடக்கும்போது குழாயைக் கழற்றிப் பார்த்து என்ன பயன்? மடிக்கணினியின் மூலையில் வைஃபைச் சின்னம் முழுசாகத் தெரிந்தும் ஒன்றும் வராததன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கண்ணாடி இழை வரும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு விளக்கு மின்னினால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அர்த்தம். விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தால், மாதப் பணம் கட்டிய தேதியை ஒரு முறை பார்ப்பது உத்தமம். கௌரவக் குறைவு ஒன்றுமில்லை; கெடு முடிந்தது தெரியாமல் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மடிக்கணினிக்கு மட்டுமா, எல்லாவற்றுக்குமா?" என்பதே. கைப்பேசியில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கைப்பேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது தன் சிம் கார்டின் தயவில் படம் காட்டிக்கொண்டிருக்க, வீட்டார் வைஃபைக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள்.

கைப்பேசிக்கு வந்து மடிக்கணினிக்கு மட்டும் வரவில்லையென்றால், அப்போதும் புதிசு வாங்க ஓட வேண்டியதில்லை. விமானப் படம் போட்ட ஒரு விசை மேல்வரிசையில் இருக்கும். அதில் கைபட்டு வைஃபையே அணைந்திருக்கலாம். பெட்டியின் கடவுச்சொல்லை யாராவது மாற்றியிருக்கலாம். மடிக்கணினியோ பழைய சொல்லையே சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கும். பழைய பெயரை மறக்கச் செய்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்த்துப் புதிதாக உள்ளிட்டால் கதவு திறந்துவிடும். 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்ற புதுப்பூட்டை மட்டும் பெட்டியில் போட்டிருந்தால், பழைய மடிக்கணினிக்கு அதைத் திறக்கத் தெரியாது. பழைய பூட்டையும் ஏற்கும்படி பெட்டியில் மாற்றிக்கொள்ளலாம்.

பல பெட்டிகள் இரண்டு பெயர்களில் அலைகளை அனுப்புகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். இரண்டாவதன் பெயர் 5ஜி என்று முடிவதால், அதைக் கைப்பேசிக் கம்பெனிகளின் 5ஜி என்று நினைத்துப் பெருமைப்படுகிறவர்கள் பலர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். பழைய மடிக்கணினிகள் பலவற்றின் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. 2.4 சுவர் தாண்டி வரும். ஆனால் அங்கே நெரிசல். ரேடியோப் பெட்டி வைத்திருக்கவே ஒரு காலத்தில் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்டிய நாடு இது. அந்த நாட்டில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உரிமமின்றிப் பயன்படுத்த அரசாங்கம் அனுமதித்தது. நல்ல காரியந்தான். ஆனால் அடுக்குமாடி வீடுகளில் இருபது பெட்டிகள் ஒரே சந்தில் கூச்சல் போடுகின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது!

இன்னொரு விசித்திரம். வைஃபை சரி, இணையம் சரி, ஆனாலும் ஒரு தளமும் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கையே வந்துகொண்டிருக்கும். மடிக்கணினியின் கடிகாரத்தைப் பார்த்தால் ஏதோ ஒரு பழைய வருஷம் காட்டும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்து உள்ளே இருக்கும் சின்ன பாட்டரி தீர்ந்திருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தேதி உண்டு. தேதி பொருந்தாவிட்டால் கணினி அவற்றை நம்பாது. தேதியைத் திருத்தினால் எல்லாம் திறந்துகொள்ளும். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் பாவம்.

உதவிக்குப் போன் செய்தால், "பெட்டியை அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்கிறார்களே, அதைப் பலர் கேலி செய்கிறார்கள். கேலி நியாயமல்ல. பெட்டி ஒவ்வொரு கருவிக்கும் ஒரு விலாச எண் வழங்குகிறது. மடிக்கணினியின் எண் 169.254 என்று தொடங்கினால், பெட்டியிடமிருந்து எதுவும் கிடைக்காமல் அது தானாகவே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடிய பெட்டி ஒரு நிமிஷம் அணைந்து எழுந்தால், எண்களைப் புதிதாகப் பங்கிட்டு, கம்பெனியோடும் புதிதாகத் தொடர்பு கொள்ளும். பல தகராறுகள் அதிலேயே தீரும்.

நியாயமாகக் கோபப்பட வேண்டியது வேறொன்றின் மேல். இணைப்புக் கொடுக்க வருகிற தம்பி ஏணி போட்டு, துளை போட்டு, தன் கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் அமைத்துவிட்டு, "வந்துடுச்சு சார்" என்று கிளம்பிவிடுகிறார். எந்த விளக்கு எதற்கு என்று யாரும் சொல்வதில்லை. பெட்டியோடு வருகிற காகிதமோ பொடி எழுத்தில் ஆங்கிலம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; அன்றைக்கு அவர் இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டும். மாதந்தோறும் பணம் வாங்குகிற கம்பெனிகள்தான் தமிழில் ஒரு பக்கத் தாள் தர வேண்டும். தாமாகத் தராவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தரச் சொல்ல வேண்டும். வைஃபையின் பெயர், கடவுச்சொல், விளக்குகளின் பொருள், புகார் எண் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்; காஸ் அட்டையோடு சேர்த்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். மருமகனுக்காகவோ பேரனுக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெட்டியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கும். பெட்டியை அணைத்துப் போடுவதும் அந்தத் துளைக்குள் குத்துவதும் ஒன்றல்ல. குத்தி அழுத்திப் பிடித்தால் கம்பெனிக்காரர் அமைத்துவைத்த விவரங்கள் அத்தனையும் அழிந்துவிடக்கூடும். பிறகு ஏணியோடு அந்தத் தம்பி மறுபடி வரும் வரை வீட்டில் ஒருவருக்கும் இணையம் கிடையாது.