இல்லமும் நலமும்: வாந்திக்கு அஞ்சும் குழந்தை

கோடை விடுமுறை நெருங்கியதும் நம் சங்கத்து இல்லங்களில் எழும் முதற் பேச்சு ஊர்ப் பயணமே. பயணச்சீட்டுக் கிடைக்குமா, எத்தனை நாள் தங்கலாம் என்னும் கேள்விகளுக்கிடையே, சில வீடுகளில் மட்டும் வெளியே சொல்லப்படாத தடை ஒன்றும் இருந்துவருகிறது. அதைப் பற்றியே இத்திங்கள் எழுதுகிறோம். இது பேசத் தக்க பொருளா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். அவ்வாறு சுளித்துப் பேசாமல் விட்டமையாலேயே இத்தொல்லை வேரூன்றுகிறது என்பது நம் கருத்து.

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தின் மகளுக்கு இப்பொழுது வயது 14. ஏழு வயதில், தில்லியிலிருந்து சென்னை செல்லும் இரயிலில், பலர் காண அவள் வாந்தி எடுத்துவிட்டாள். உடல் அன்றே தேறியது, உள்ளம் தேறவில்லை. அடுத்த ஆண்டு இரயில் என்றதும் அழுதாள். பின்னர்ப் பேருந்து ஆகாதென்றாயிற்று. கலியாண விருந்து ஆகாதென்றாயிற்று. பாலை மும்முறை முகர்ந்து பார்த்தே பருகுவாள். வகுப்பில் எவரேனும் வயிற்றைப் பிடித்தால் வெளியே ஓடிவிடுவாள். பெற்றோர் அன்பின் மிகுதியால் எல்லாவற்றிற்கும் இணங்கினர். ஊருக்கு ஒருவர் செல்வார். மற்றவர் மகளுக்குத் துணையாகத் தங்குவார். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் தாத்தா, பேத்தியைக் கைப்பேசித் திரையில் மட்டுமே கண்டுவந்தார்.

வாந்தியை எவரும் விரும்புவதில்லை. ஆயினும் வெறுப்பு வேறு, அச்சம் வேறு. உண்மையில் வாந்தி என்பது கெட்ட பொருளை வெளியேற்ற உடல் மேற்கொள்ளும் காவற் செயல். மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் அதனை இயக்குகிறது. சில நொடிகள் துன்புறுத்தும், பின்பு முடிந்துவிடும். ஆனால் அஞ்சுகிறவர் நிலை வேறு. அச்சம் மிகும்போது செரிமானம் தளர்ந்து வயிறு புரளும். அப்புரளலையே வாந்தியின் அறிகுறியென்று கொண்டு அவர் மேலும் அஞ்சுவார். வயிறு மேலும் புரளும். அவ்விடத்தை விட்டு அகன்றதும் அமைதி கிட்டுகிறது. “அகன்றதனால் தப்பினேன்” என்று மனம் தவறாகக் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முறை விலகும்போதும் அச்சத்திற்கு நாமே சோறிட்டு வளர்க்கிறோம்.

இதற்குரிய மருந்து விலகுவதன்று. சிறிது சிறிதாக அணுகுவதே. அமெரிக்க உளவியலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1924-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முன்னோடி. முயலைக் கண்டு நடுங்கிய மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவன் ஒருவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, கூண்டிலிருந்த முயலைத் தொலைவிலிருந்து சிறுகச் சிறுக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் முயலுடன் விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பி 1958-இல் எழுதிய நூலின் வாயிலாக, அச்சங்களைப் படிவரிசைப்படுத்தி வெல்லும் முறை பரவலாயிற்று. இன்று மனநல வல்லுநர்கள் இத்தகைய அச்சங்களுக்குக் கையாளும் பயிற்சி இவ்வழியில் வளர்ந்ததே.

நம் சிறுமியை அவள் பெற்றோர் ஓர் உளவியல் வல்லுநரிடம் அழைத்துச் சென்றனர். அவர் முதலில் ஒரு தாளில் ஏணி ஒன்றை வரையச் செய்தார். அஞ்சும் செயல்கள் ஒவ்வொன்றுக்கும் அவளே நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டாள். ‘வாந்தி’ என்னும் சொல்லை உரக்கச் சொல்லுதல் கீழ்ப்படி, அதற்கு 20. அச்சொல்லைப் பக்கம் நிறைய எழுதுதல் அடுத்தது. பின்னர்க் கேலிச்சித்திரம், அதன்பின் நிழற்படம், ஓங்கரிக்கும் ஒலி, திரைக்காட்சி என்று படிகள் உயர்ந்தன. ஒரு நாள் கஞ்சியில் மசித்த காயும் மஞ்சளும் கலந்து, அதனைத் தானே கழிவறையில் ஓங்கரிப்பு ஒலியோடு கொட்டினாள். முதல் நாள் அழுகை; ஐந்தாம் நாள் தாயும் மகளும் சிரித்துவிட்டனராம். வெளியில், மெட்ரோவில் ஒரு நிலையம், பின்பு ஐந்து, பின்பு நெரிசலான பேருந்து.

விதிகள் சிலவே. ஒரு படியில் நின்றால் அச்சம் தானாகத் தணியும் வரை நிற்க வேண்டும், பாதியில் ஓடலாகாது. நாள்தோறும் செய்ய வேண்டும். எவரும் வற்புறுத்தவோ, சொல்லாமல் திடுக்கிடச் செய்யவோ கூடாது. உண்மையாகவே வாந்தி எடுக்க முயல வேண்டியதில்லை; அதற்காக எதையும் உட்கொள்ளவே கூடாது. கையில் பிடித்த எலுமிச்சம்பழம், பைக்குள் பாலித்தீன் உறை, முன்னெச்சரிக்கை மாத்திரை என்ற ஊன்றுகோல்களையும் ஒவ்வொன்றாக விட வேண்டும். மருத்துவர் எழுதிய மருந்தை அவரைக் கேட்டே நிறுத்துக.

பெற்றோருக்குத்தான் கடினமான பாடம். “வாந்தி வராதே அம்மா?” என்று அவள் நாளைக்குப் பன்முறை கேட்பாள், “ஒன்றும் வராது கண்ணே” என்று தாய் சொல்லிவந்தார். அவ்வுறுதி கால் மணி நேரம்கூட நில்லாது. வல்லுநர் கற்பித்த விடை வேறு: “வந்தாலும் வரலாம், வந்தால் துடைத்துக்கொள்வோம்.” இதைச் சொல்லத் தமக்கு நா எழவில்லை என்று அத்தாய் நம்மிடம் கூறினார். ஆயினும் சொன்னார்.

ஓர் எச்சரிக்கை. உணவு குறைந்து உடல் மெலிந்தாலோ, வாந்தியே அடிக்கடி நேர்ந்தாலோ முதலில் மருத்துவரைக் காண்க. அச்சம் கடுமையாயின் வல்லுநர் துணையின்றித் தொடங்க வேண்டா. வேற்று மொழியில் மனத்தைத் திறந்து பேச இயலாதோர், 2022-இல் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவர்.

சென்ற கோடையில் அக்குடும்பம் நால்வரும் ஒன்றாகப் புறப்பட்டனர். இட்டார்சி கடந்தபின் எதிரிருக்கைச் சிறுவன் வாந்தி எடுத்தான். நம் சிறுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; சற்றுப் பொறுத்து, தன் தண்ணீர்ப் புட்டியை அவன் தாயிடம் நீட்டினாள். “அச்சமாக இல்லையா?” என்று திரும்பி வந்தபின் கேட்டோம். “இருந்தது, மாமா. இருந்தாலும் உட்கார்ந்தே இருந்தேன், இறங்கிவிட்டது,” என்றாள்.

தாத்தா நிலையத்திற்கே வந்திருந்தாராம். உங்கள் இல்லத்திலும் இவ்வாறு ஒரு குழந்தையோ பெரியவரோ இருப்பின், நகையாடாதீர். முழுதும் இணங்கிவிடவும் வேண்டா. இன்றே ஒரு தாள் எடுத்து, ஏணியின் கீழ்ப்படியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.