ஆமைக்கு ஏன் போர்வை போர்த்தல?

2021 பிப்ரவரி பனிப்புயலை டெக்சாஸ்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ஆஸ்டின்ல எங்க வீட்டுல மூணு நாள் கரண்ட் இல்லை. நாலு பேரும் ஒரே ரூம்ல, இருக்கிற கம்பளி எல்லாத்தையும் போர்த்திக்கிட்டு ஒண்டிக் கிடந்தோம்.

அப்போதான் போன்ல அந்தப் படம் வந்தது. சவுத் பாட்ரே ஐலண்ட் கன்வென்ஷன் சென்டர் தரை முழுக்க கடல் ஆமைகள். நாலாயிரத்துக்கும் மேல். ஆறு வயது மகள் எட்டிப் பார்த்துட்டுக் கேட்டாள்: "அப்பா, அதுங்களுக்கு ஏன் யாரும் போர்வை போர்த்தல?"

பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திட்டேன். வாசல் பனியில் ரெண்டு ஆப்பிளைப் புதைச்சு எடுத்தோம். ஒண்ணைக் கம்பளியில் சுத்தினோம், இன்னொண்ணைத் தட்டுல வெச்சோம். ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பார்த்தா, கம்பளிக்குள்ள இருந்ததுதான் அதிகம் ஜில்லுன்னு இருந்தது! (ஃப்ரிட்ஜ் ஆப்பிள்லயும் செஞ்சு பார்க்கலாம்.)

போர்வை சூடு தராது. உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது, அவ்வளவுதான். நாம சாப்பிடுறதுல பெரும்பங்கை எரிச்சு உடம்பை 98.6 டிகிரியில் வைக்கிறோம். ஆமைக்கு அப்படி உள்ளே ஹீட்டர் கிடையாது. அதனாலேயே பாம்பு வாரக்கணக்கில் சாப்பிடாம இருக்கும். நாங்க மூணே நாள்ல பிஸ்கட் டப்பா வரைக்கும் காலி.

'குளிர் ரத்தப் பிராணி'ங்கிற பேரே கொஞ்சம் தப்பு. நம்ம ஊர் காம்பவுண்டு சுவர்ல வெயில் காயுற ஓணானின் ரத்தம் சூடாத்தான் இருக்கும். வெயில்ல காயும், சுட்டா நிழலுக்கு ஓடும். இடம் மாறுவதுதான் அதன் தெர்மோஸ்டாட்.

ஆமையும் குளிர்ந்தால் வெதுவெதுப்பான தண்ணீருக்கு நீந்திப் போகும். ஆனா அந்தத் தீவை ஒட்டின லகூனா மாட்ரே ஆழமில்லாத காயல், சீக்கிரம் குளிர்ந்துடும். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனா ஆமைக்குக் கைகால் அசையாது. மூச்சுவிடத் தலையைத் தூக்க முடியாம மூழ்கிச் சாகும். அதைத்தான் மக்கள் படகிலும் சொந்தக் கார்களிலும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். தேவைப்பட்டது வெதுவெதுப்பான ஒரு கூரை, மெதுவா சூடேற நேரம்.

கரண்ட் வந்த பிறகு, ஆமைகள் படகிலிருந்து சறுக்கிக் கடலுக்குள் போகும் வீடியோவை மகள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அந்த ரெண்டு ஆப்பிளையும் மட்டும் யாரையும் சாப்பிட விடவில்லை.