கோடைமலை காணுமாறு

உலகிற் காணத்தக்கன பல. காண்பார்க்குக் கிடைக்கும் பொழுதோ சிறிது. ஆதலின், இன்னது காண்க, இன்னது விடுக எனத் தெரிந்துகொள்ளுதலே செலவு மேற்கொள்வார்க்கு முதற்கண் வேண்டும் அறிவாகும். பெருநகரங்களுக்குச் செல்வோர் பலர் இத்தெரிவைத் தாம் செய்யாது, சுற்றுலா வண்டி நடத்துவோர் கையில் ஒப்புவித்து விடுகின்றனர். சென்னை, டில்லி, இலண்டன் முதலிய மாநகரங்களில் அதனால் வரும் கேடு சிறிதே. என்னை? மாளிகையும் கோபுரமும் நின்றாங்கே நிற்பன. வண்டியின் பலகணி வழியே நோக்கினும் அவற்றின் உருவேனும் கண்ணிற்படும். மலையோ அத்தகையதன்று. மேகம் மூடியவழி, அருகே சென்றார்க்கும் அஃது இல்லாததனோடு ஒக்கும். எனவே மலையைச் சுற்றிக்காட்டும் வண்டியைத் தெரிந்தெடுத்தற்கு மிக்க கருத்து வேண்டும். இதனை, நமக்கு அணித்தாகவுள்ள கோடைக்கானலை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

பழனிமலைத் தொடர் சங்கச் சான்றோர் காலந்தொட்டுத் தமிழர் நன்கறிந்ததொன்று. பொதினி என அன்று வழங்கிய பழனியும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனது நாடும் இம்மலையைச் சார்ந்தனவே. எனினும், இன்று நாம் காணும் கோடைக்கானல் நகர், மதுரையில் வாழ்ந்த அமெரிக்க மிஷனரிமார் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி 1845ஆம் ஆண்டில் மலைமேல் இரு மனைகள் எடுத்ததினின்றும் தோன்றியது. அக்காலத்தே மோட்டார்ச் சாலை இல்லை. பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து செங்குத்தான பாதையில் நடந்தும், நாற்காலியிற் சுமக்கப்பெற்றும் ஏறினர். ஏறியவர் வாரக்கணக்கில் தங்கினர். காலையில் மறைந்த காட்சியை மாலையிற் கண்டனர்; இன்று தவறியதை நாளை கண்டனர். இன்றோ, விடியலில் ஏறி ஒரு பகல் சுற்றி இரவே இறங்கிவிடுவோர் எண்ணிறந்தோர். ஒரு பகலே உடையார் அப்பகலை எவ்வாறு செலவிடல் வேண்டும் என்பதே நம் வினா.

பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் வேன்காரரும் டாக்சிக்காரரும் வந்தவரைச் சூழ்ந்துகொள்வர். ஒருவர் பத்து இடம் என்பர். மற்றொருவர் பன்னிரண்டு இடம் என்பர். எண்ணிக்கை மிகுந்ததே சிறந்ததெனக் கருதி மக்கள் பின்னவர் வண்டியில் ஏறுவர். அப்பன்னிரண்டையும் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

ஏரி ஒன்று, இது 1863ஆம் ஆண்டில் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு துரையால் ஆக்கப்பட்டது. பிரையண்ட் பூங்கா ஒன்று. இஃது ஏரியின் கரையை அடுத்தே உள்ளது. 1872ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட கோக்கர் நடைபாதை ஒன்று. இது நிலையத்திற்கு அரைக் கிலோமீட்டர் அளவினதே. இம்மூன்றும் காலால் நடந்து சேரத்தக்கன. இவற்றிற்கு வண்டியேறுதல் அடுத்த தெருவிற்கு இரயிலேறுதல் போலும். இனி வெள்ளியருவியோ, நகரினின்று எட்டுக் கிலோமீட்டர் கீழே, மலைச்சாலையின் ஓரத்திலேயே வீழ்வது. வத்தலக்குண்டு வழியாயினும் பழனி வழியாயினும் ஏறிவந்தவர் அதனைக் கடந்தே வந்திருப்பர். பன்னிரண்டில் நான்கு இவ்வாறு கழிந்தன. மேலிருந்து நோக்கினால் அதே ஏரி தெரிவதும் தனியோர் இடமாக எண்ணப்படுகின்றது. ஆகவே, வண்டியின்றிச் சேரலாகாதன எனச் சொல்லத்தக்கவை, தூண்பாறைச் சாலையிலுள்ள பைன் மரக்காடு, குணா குகை, தூண்பாறை, பசும்பள்ளத்தாக்கு ஆகியனவும், நகரின் வேறு புறங்களிலுள்ள குறிஞ்சியாண்டவர் கோயில், கதிரவ ஆய்வுக்கூடம், செண்பகனூர்ப் பொருட்காட்சிச்சாலை போல்வனவுமே. பூம்பாறையும் மன்னவனூரும் தொலைவின. அவற்றிற்கு ஒரு பகல் தனியே வேண்டும். பேரிஜம் ஏரிக்கோ வனத்துறையினரின் இசைவும் வேண்டும்.

இனிப் பொழுதின் கணக்கைப் பார்ப்போம். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்ட வண்டி பிற்பகல் மூன்று மணிக்கு மீள்வதாகக் கொள்வோம். 360 நிமிடங்களைப் பன்னிரண்டால் வகுக்க இடமொன்றிற்கு முப்பது நிமிடம் ஆகின்றது. அதனுள் வண்டியோடும் பொழுது, நெரிசலில் நிற்கும் பொழுது, உணவுண்ணும் பொழுது எல்லாம் அடங்கும். எஞ்சுவது பத்து நிமிடம். அப்பத்து நிமிடத்தில் மேகம் வந்து சூழ்ந்தால், கொடுத்த பணம் கொடுத்ததே.

இஃது வெறுங்கற்பனையன்று. சென்ற விடுமுறையில் எம் வகுப்பினர் சிலர் சென்ற வேனில் ஊர்ப்புறத்து முதியோர் இருவரும் எம்மோடு வந்தனர். தூண்பாறையை அடைந்தபொழுது நண்பகல் கடந்துவிட்டது. ஏறத்தாழ நானூறு அடி உயர்ந்து நிற்கும் அம்மூன்று பாறைகளில் ஒன்றன் விளிம்பும் தோன்றவில்லை, எங்கணும் வெண்மையே. சிறிது பொறுத்தால் விலகும் என அருகிலிருந்த சுண்டல் விற்பார் கூறினர். வண்டிக்காரரோ குழலூதி அழைத்துவிட்டார். அவ்வம்மையார் எம்மை நோக்கி, "மேகத்தைப் பார்க்கவா தம்பி, இத்தனை தூரம் வந்தோம்?" என்றார். யாம் விடை கூற அறியேமாயினேம். அவ்வண்டி காட்டிய இடங்கள் பன்னிரண்டு என்பதில் ஐயமில்லை. அவர் கண்டவை எத்தனை என்பதே கேள்வி.

காட்டுதல் வேறு, காணுதல் வேறு. கோடைக்கானல் ஆய்வுக்கூடத்தார் வானம் தெளிந்த நாளெல்லாம் கதிரவன் ஒன்றனையே நூறாண்டுக்கு மேலாகப் படமெடுத்து வருகின்றனர். ஆங்கிருந்த எவர்ஷெட் என்னும் அறிஞர், கதிரவனது கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவினின்று புறநோக்கிப் பாய்தலை 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தார். நாடோறும் யாவரும் காணும் ஞாயிற்றிலே அவர் புதியதொன்று கண்டது, நின்று கண்டமையாலன்றோ? கோக்கர் நடைபாதையிலும், கதிரவன் பின்னிருக்க முன்னே பள்ளத்தாக்கில் மேகம் படிந்து நிற்குங்கால், தம் நிழலே பேருருவாய் ஒளிவட்டத்தோடு அம்மேகத்தில் தோன்றுதலைச் சிலர் கண்டிருக்கின்றனர். அது காத்திருப்பார்க்கே வாய்ப்பது.

ஈண்டு ஒரு தடை எழும். "வாழ்நாளில் ஒருமுறை வருவோர், எல்லாவற்றையும் ஒரு கண் பார்த்துவிட்டுப் போகட்டுமே, முதியோர் நடப்பரோ? ஏழையர் இருமுறை வருவரோ?" என்பர். இத்தடையை யாம் எளிதாகத் தள்ளோம். முதியோர்க்கு வண்டி இன்றியமையாததே. ஆயினும், ஒருமுறையே வருவார்க்கன்றோ அம்முறை வீணாகாமை வேண்டும்? ஏறவும் இறங்கவும் வருந்தும் முதியோரைப் பன்னிரண்டு முறை ஏற்றியிறக்குதல் அவர்க்குச் செய்யும் உதவியாகாது. நான்கிடத்தில் இறக்கி, ஒவ்வோரிடத்தும் ஒரு மணிநேரம் அமர்த்துதலே உதவியாம். செலவும் அதனாற் குறையுமேயன்றிக் கூடாது.

வருவோர் நலத்தோடு மலையின் நலத்தையும் எண்ணுதல் வேண்டும். வண்டிகளின் மிகுதியால் மலைச்சாலைகள் தாங்கலாற்றாமை கண்டு, சென்னை உயர்நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் கோடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்லும் வண்டிகளுக்கு மின்வழி அனுமதிச்சீட்டு வேண்டும் என ஆணையிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரையில், கோடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும் வார இறுதியில் 6,000 வண்டிகளுமே செல்லலாம் என வரையறுத்தது. அரசுப் பேருந்துகளுக்கு இத்தடை இல்லை. இதன் கருத்து வெளிப்படை. நாற்பதின்மர் பத்துக் கார்களில் வந்தால் சாலையில் நெடுந்தொலைவு அடைபடும்; ஒரு பேருந்தில் வந்தால் ஒரு வண்டியின் இடமே போதும். தூண்பாறைக்குச் செல்லும் ஒடுங்கிய சாலையில் கோடைக்காலத்து வண்டிகள் மணிக்கணக்கில் நிற்றலைக் கண்டவர், அங்கே இழக்கப்படுவது தம் பொழுதேயென உணர்வர்.

ஆதலின் எம் கருத்து இதுவாகும்: தனிக் காரினும் பலர் கூடிச் செல்லும் பேருந்தே மேலானது; அப்பேருந்தும் இடந்தோறும் நம்மைத் துரத்துவதாய் இருத்தல் கூடாது. மேலைநாட்டுப் பெருநகரங்களில், ஒருமுறை சீட்டுப் பெற்றவர் வேண்டுமிடத்தில் இறங்கி, வேண்டுமளவு நின்று, பின்வரும் வண்டியில் அச்சீட்டினாலேயே ஏறிச்செல்லும் ஏற்பாடு உண்டு. அவ்வாறு ஏரிக்கரைக்கும் தூண்பாறைக்கும் இடையே அரைமணிக்கொரு பேருந்து ஓடுமாயின், மேகம் மூடினார் மேகம் விலகுமளவும் நிற்கலாம். கண்டு முடித்தார் செல்லலாம். மாநகரைக் காட்டிலும் மலைக்கே இம்முறை மிகப் பொருந்துவது. அரசினர் இதனைக் கருதுவாராக.

அந்நாள் வருமளவும், கோடைமலை செல்லும் மாணவ நண்பர்கள் பணம் கொடுக்குமுன் நான்கு வினாக்களைக் கேட்பாராக. ஒவ்வோரிடத்தும் வண்டி எத்துணைப் பொழுது நிற்கும்? தூண்பாறைக்கு முற்பகலிலேயே செல்லுமா? காட்டப்படும் இடங்களுள் நடந்து சேரத்தக்கன எவை? மேகம் மூடினால் பொறுத்திருப்பரா? இவற்றிற்கு நேரிய விடை கூறுவாரது வண்டியில், அவர் சொல்லும் இடங்கள் ஐந்தேயாயினும், ஏறுக. விடை கூறாது எண்ணிக்கையையே மீட்டும் மீட்டும் சொல்வாரை விடுத்து, நிலையத்தினின்று கீழிறங்கி ஏரியைச் சுற்றி நடக்க. அது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, அழைத்துக் குழலூதுவாரும் இல்லை.