துறைமுகத்தில் சிப்பி வளர்க்கும் மாணவர்கள்!

நியூயார்க் பள்ளிகளில் புதுமைப் பாடம்

அழுக்கடைந்த கடலைப் பள்ளிப் பிள்ளைகளால் சுத்தம் செய்ய முடியுமா? அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மாணவ-மாணவிகள் அந்த முயற்சியில் இறங்கி இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணை, சிப்பி! முத்துச் சிப்பி அல்ல; அமெரிக்கர்கள் விரும்பிச் சாப்பிடும் சிப்பி.

12 குடம் தண்ணீர்

சிப்பி கடல் நீரை உறிஞ்சும். அதில் உள்ள நுண்ணிய பாசியைத் தின்னும். பிறகு நீரைத் தெளிவாக வெளியே விடும். நன்கு வளர்ந்த ஒரு சிப்பி, ஒரே நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும். அதாவது, சுமார் 12 குடம்!

சிப்பிகள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்து திட்டுகள் ஆகும். அவற்றின் இடுக்குகளில் மீனும் நண்டும் குடியிருக்கும்.

நியூயார்க் துறைமுகம் ஒரு காலத்தில் சிப்பிக்குப் பேர்போனது. மக்கள் அளவுக்கு மீறி அள்ளினார்கள். சாக்கடையும் கலந்தது. 1927-ம் ஆண்டில் கடைசிச் சிப்பிப் படுகையும் மூடப்பட்டது.

100 கோடி சிப்பி

2014-ல் 'பில்லியன் ஆய்ஸ்டர்' என்ற திட்டம் தொடங்கியது. 2035-க்குள் 100 கோடி சிப்பிகளை வளர்ப்பது குறிக்கோள். இதுவரை 10 கோடிக்கு மேல் கடலில் விட்டிருக்கிறார்கள்.

ஓட்டல்களில் வீணாகும் ஓடுகளைச் சேகரித்து, வெட்டவெளியில் மாதக்கணக்கில் காயப் போடுகிறார்கள். சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர அந்த ஓடுதான் வீடு.

கவர்னர்ஸ் தீவில் உள்ள துறைமுகப் பள்ளியில், உயர்நிலை மாணவர்கள் கடலில் மூழ்கி வேலை செய்யவே பயிற்சி பெறுகிறார்கள். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. கம்பிவலைக் கூண்டில் சிப்பிகளை வைத்துக் கரையோரம் தொங்க விடுகிறார்கள். அவ்வப்போது கூண்டைத் தூக்கி, சிப்பி எவ்வளவு வளர்ந்தது என்று அளக்கிறார்கள். நீரில் உப்பு எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு என்றும் சோதிக்கிறார்கள்.

என்ஜினீயர் மூளை

கூண்டின் வலைக்கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிதாக இருந்தால் நண்டு புகுந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். சிறிதாக இருந்தால் சேறு அடைத்து நீரோட்டம் தடைப்படும். இரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் என்ஜினீயர் வேலை!

இதன் அருமையை அமெரிக்கக் கல்வியாளர்கள் உணர்ந்திருக்கிறார்கள். 2013-ல் வெளியான அறிவியல் பாடத் தரத்தில் இதற்கு இடம் இருக்கிறது. உயிரினங்களைக் காக்கப் பல வழிகள் இருந்தால், எது சிறந்தது என்று நடுநிலைப் பள்ளி மாணவனே சீர்தூக்கிச் சொல்ல வேண்டும்.

பரீட்சையில் தவறினால் மார்க் குறையும். அத்தோடு சரி. கூண்டு சரியில்லை என்றால் சிப்பி செத்துப்போகும். ஏன் செத்தது என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். அடுத்த கூண்டு நன்றாக இருக்கும்.

பெரியவர்களின் கடமை

ஆனால் ஒன்று. நியூயார்க்கின் பல பகுதிகளில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, கழிவுநீர் துறைமுகத்தில் கொட்டுகிறது. ஆகவே, இந்தச் சிப்பிகளைச் சாப்பிட முடியாது.

எத்தனை கோடி சிப்பிகள் இருந்தாலும் சாக்கடையைத் தடுத்து நிறுத்த முடியாது. அது நகர நிர்வாகத்தின் பொறுப்பு. பிள்ளைகள் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். பெரியவர்களும் செய்தால்தான் துறைமுகம் பிழைக்கும்.