முதல் கோப்பையை நீட்டுவது யார்?

மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்பது குற்றமாகும். முன்பு 18ஆக இருந்த இந்த வயது வரம்பு, 2017ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி உயர்த்தப்பட்டது. ஆயினும், பதின்ம வயதினர் சிலர் மது அருந்தத்தான் செய்கின்றனர். இதற்குக் காரணம் என்ன?

சட்டம் கடைக்காரரைத் தடுக்கிறது. வீட்டு விருந்தை அது எட்டுவதில்லை. பிறந்தநாள், திருமணம், தீபாவளி என எந்தக் கொண்டாட்டமானாலும் சில குடும்பங்களில் மதுவும் இடம்பெறுகிறது. “ஒரு வாய் குடித்தால் என்ன?” என்று மாமாவோ அண்ணனோ நீட்டும் கோப்பையே சிலருக்கு முதல் கோப்பையாகிறது. பின்னர், நண்பர்களின் கேலிக்கு அஞ்சியும் மனக்கவலையை மறக்கவும் அப்பழக்கம் தொடர்கிறது. கையில் பணமில்லாதபோது மலிவான மதுவை மனம் நாடுகிறது. 2018ஆம் ஆண்டு சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டதை நாம் மறக்கலாகாது.

மது அருந்திய மாணவரை அடிப்பதும் ஊரறிய அவமானப்படுத்துவதும் தீர்வாகா. அவர் உண்மையை மறைக்கவே கற்றுக்கொள்வார். மாறாக, பெற்றோரிடமும் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் அவர் அச்சமின்றிப் பேசும் நிலை வேண்டும். ‘வேண்டாம்’ என்பவரைக் கோழை என்று நகைக்காத நண்பர்களும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரியவர்கள் தங்கள் கோப்பையை முதலில் கீழே வைக்க வேண்டும். மதுவின்றியும் மகிழ்ச்சியாகக் கொண்டாடலாம் என்பதைப் பிள்ளைகள் நம் வீட்டு விருந்திலேயே காணட்டும்.